துண்டை எடைபோட்ட மிஷின்

கழுத்துகள் எல்லாம் இப்போது நலம். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் கொஞ்ச நாள் முன்புவரை அந்தத் தெருவில் நாலு பேர் கூடி நின்றால் மூன்று பேர் பின்கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்கள், நாலாமவர் அதற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்.

காரணமாகச் சொல்லப்பட்டவர் அசையாதண்ணன். தெருமுனையில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். அடையாள அட்டையில் அவருக்கு வேறு ஏதோ பெயர் இருக்கிறது, அது அட்டையோடு சரி. நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும், கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன்பே, "அசையாதீங்க" என்பார். தும்மல் வந்தவர்கள் தும்மலை விழுங்கினார்கள். செல்போன் அடித்தால் அடித்து ஓய்ந்தது. அரசியல் பேசலாம் என்று வாயைத் திறந்தவர்கள் தாடையில் கத்தி இருப்பதை நினைத்து மூடிக்கொண்டார்கள். ஊரில் அரை மணி நேரம் அமைதியாக உட்கார ஆண்களுக்கு இருந்த ஒரே இடம் அதுதான் என்று அவர்களுடைய மனைவிமாரே சொல்வதுண்டு.

கடை ஒன்றும் பெரிதில்லை. ரசம் போன கண்ணாடி ஒன்று, இரண்டு நாற்காலிகள். அதில் ஒன்று சுழல மறுத்துவிட்டதால் பழைய செய்தித்தாள்களைச் சுமந்துகொண்டிருந்தது. ஆனால் துண்டு விஷயத்தில் அண்ணன் ராஜா. ஒருவர் கழுத்தில் போட்டதை இன்னொருவர் கழுத்தில் போடமாட்டார். வெள்ளை வெளேரென்று மெல்லிசான துண்டுகள், மடிப்புக் கலையாமல் அலமாரியில் அடுக்கியிருக்கும். போட்டு எடுத்த துண்டுகளைக் கடைக்குப் பின்னால் கம்பியில் காயப்போடுவார். சாயங்காலம் அவை மொறுமொறுவென்று காய்ந்த பிறகுதான் உதறி, மடித்து, பையில் போட்டு வீட்டுக்குத் துவைக்கக் கொண்டுபோவார். அழுக்குத் துணியைக் காயவைத்து மடித்துத் துவைக்கக் கொண்டுபோகிற மனிதரை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்கமாட்டீர்கள். கேட்டால், "ஈரத்துணியத் தூக்கிட்டுத் தெருவுல நடந்தா நாலு பேர் என்ன நினைப்பான்?" என்பார். நாலு பேருக்கு வேறு வேலை இருக்கும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

வீட்டில் துவைப்பது அவர் மனைவி. வருஷக்கணக்காகக் கையால் துவைத்து, முறுக்கிப் பிழிந்து, அவளுடைய இரண்டு மணிக்கட்டுகளும் போய்விட்டன. கதவுத் தாழ்ப்பாளைத் திருகினால்கூட முகம் சுளித்தாள். டாக்டர் பார்த்துவிட்டு, "இனிமே துணி பிழியக் கூடாதும்மா. பிழிஞ்சா அப்புறம் கரண்டி பிடிக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் மிஷின் வந்தது. அவளே கடைக்குப் போய், ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, மூடிப் பார்த்து, தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த மிஷின். மேல்மூடி போட்டது. முன்னால் நட்சத்திரங்கள் ஒட்டியிருந்தன. தண்ணீரைச் சேமிக்கும், மின்சாரத்தைச் சேமிக்கும், தானே யோசிக்கும் என்று கடைக்காரர் சொன்னார். வீட்டில் தானே யோசிக்கிற இன்னொரு ஜீவன் வந்ததில் அவளுக்குச் சந்தோஷம். பூப்போட்ட துணியில் அதற்கு உறை தைத்துப் போட்டாள்.

அரிப்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ஆனால் அப்படி யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

முதலில் வந்தவர் கணக்கு வாத்தியார். மெல்லிய தோல், மெல்லிய மனசு. "என்னன்னு தெரியல அண்ணே, உங்ககிட்ட முடி வெட்டிட்டுப் போனா ரெண்டு நாளைக்குக் கழுத்து பத்திகிட்டு எரியுது" என்றார். பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கை தானாகப் பின்கழுத்துக்குப் போய்விடுமாம். கழுத்தெல்லாம் சாக்பீஸ். பின்வரிசைப் பிள்ளைகள் ஆரம்பித்துவைக்க, அவர் திரும்பி நிற்கும்போதெல்லாம் வகுப்பே சேர்ந்து கழுத்தைச் சொறிந்துகாட்டப் பழகிவிட்டது. அவ்வளவு ஒற்றுமையை அந்த வகுப்பில் அவர் அதற்குமுன் கண்டதில்லை.

அண்ணன் பிளேடை மாற்றினார். அரிப்பு நிற்கவில்லை. சோப்பு நுரையை மாற்றினார். பவுடரை நிறுத்தினார். வாசனைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் தண்ணீர் தெளித்தார். பக்கத்து மருந்துக்கடைக்காரர் தினமும் ஒருமுறை எட்டிப்பார்த்து, "பாவம், உங்களுக்குப் போய் இப்படி" என்று துக்கம் விசாரித்தார். அவர் கடையில் அரிப்புக் களிம்பு அப்படிப் போய்க்கொண்டிருந்தது. துக்கம் உண்மையாகத்தான் இருந்திருக்கும். முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

எதிர்வரிசையில் கண்ணாடிக்கதவு போட்ட குளுகுளு சலூன் ஒன்று ஏற்கெனவே இருந்தது. கணக்கு வாத்தியார் ஒருநாள் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவதை அண்ணன் தன் கடையிலிருந்து பார்த்தார். வாத்தியார் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு போனார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. அதுதான் அண்ணனுக்கு அதிகமாக வலித்தது.

உண்மை தெரிந்தது ஒரு சுத்தக்காரரால். அவர் ஓய்வுபெற்ற ரயில் கார்டு. சொந்தச் சீப்பு, சொந்தக் கத்தரி, சொந்தத் துண்டு எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துவருவார். "நாற்காலியையும் கொண்டுவந்துட்டா நான் உங்க வீட்டுக்கே வந்துடுவேனே" என்று அண்ணன்கூட ஒருமுறை கேலி செய்திருக்கிறார். ஊரே சொறிந்துகொண்டிருந்தபோது அவர் கழுத்து மட்டும் பளிங்குபோல் இருந்தது. அண்ணன் அந்தக் கழுத்தை வெகுநேரம் பார்த்தார்.

"என்னப்பா, தூங்கிட்டியா?" என்றார் கார்டு.

"இல்ல சார். உங்க துண்டப் பாக்கறேன்."

கார்டு போனதும் அலமாரியிலிருந்து துவைத்த துண்டு ஒன்றை எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் போட்டு அலசினார். தண்ணீர் பால்போல வெளுத்தது. மறுபடி அலசினார், நுரை மிதந்தது. துவைத்த துண்டு என்று பெயர். அதில் ஒரு வீட்டுத் துணிக்கான சோப்பு அப்படியே காய்ந்து உட்கார்ந்திருந்தது. முடி வெட்டும்போது வேர்க்கிற கழுத்தில் அது கரைந்து, வேலையைக் காட்டியிருக்கிறது.

அதாவது குற்றவாளி மிஷின். இதை வீட்டில் எப்படிச் சொல்வது? மிஷின் சரியில்லை என்றால் அவள் தேர்வு சரியில்லை என்று ஆகும். அதையாவது ஒருநாள் சாப்பாடு போவதோடு சமாளித்துவிடலாம். மிஷின் உதவாது என்றால் அடுத்து என்ன? அவள் மறுபடி துணி துவைக்கிற பேசினை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்காருவாள். டாக்டர் சொன்னது அண்ணன் காதில் அப்படியே இருந்தது.

எனவே உலகத்துக் கணவர்கள் எல்லாரும் செய்வதைச் செய்தார். ஒன்றும் சொல்லவில்லை. மிஷினில் துவைத்து வந்த துண்டுகளைக் கடையில் வைத்து, யாருக்கும் தெரியாமல், தானே இன்னொரு முறை அலசினார். ஒரு வாரம் ஓடியது. விரல்கள் ஊறிச் சுருங்கின, நுனிகள் வெடித்தன. ஒரு நாள் சவரம் செய்துகொண்டிருக்கும்போது கத்தி விரலில் நிற்காமல் நழுவி, ஒருவருடைய காதுமடலைத் தொட்டுவிட்டுப் போனது. ரத்தம் ஒரு துளிதான். "அசையாதீங்க" என்றார் அண்ணன், பழக்கதோஷத்தில்.

"நான் அசையல. நீங்கதான் அசைஞ்சீங்க" என்றார் அவர்.

அன்று சாயங்காலம் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அவள் முதலில் நம்பவில்லை. "ஏங்க, நான் துவைச்சது சரியில்லன்னு சொல்றதுக்கு இவ்வளவு சுத்தணுமா?"

"நீ துவைக்கல. மிஷின் துவைச்சது."

"அதுல போட்டது யாரு? நான்தானே?"

"சரி, நான் போட்டேன்னு வெச்சுக்க. இப்ப இந்தத் தண்ணியப் பாரு."

பார்த்தாள். அவர் துவைத்த துண்டு ஒன்றை முக்கிவைத்திருந்த வாளியில் கையை விட்டு அலசினாள், நுரையை எடுத்துக் கண்ணருகே வைத்தாள். அப்புறம் அவருடைய விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "இதை ஒரு வாரமாவா செஞ்சீங்க? வாயில என்ன, கொழுக்கட்டையா?" என்றாள். கோபம் தணிந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

கம்பெனி ஆளை வரவழைத்தார்கள். அவர் மிஷினைத் திறந்து, மூடி, அதன் காதில் ரகசியம் கேட்பதுபோல் குனிந்து கேட்டுவிட்டு, "மிஷின் சூப்பரா இருக்குங்க" என்றார்.

"அப்புறம் ஏன் தண்ணியே விடமாட்டேங்குது?"

"அது அப்படித்தாங்க. முதல்ல தண்ணியில்லாம ரெண்டு சுத்து சுத்துதில்ல, அப்ப துணிய எடைபோடும். எடைக்கு ஏத்த தண்ணிதான் விடும். உங்க துண்டு பஞ்சு மாதிரி இருக்கு. கைக்குட்டைன்னு நினைச்சிருக்கும்."

"தண்ணி வேணும்னு நாமளே சொல்ல ஒரு பட்டன் இல்லையா?"

"பழைய மாடல்ல இருந்துச்சு. மக்கள் நிறைய தண்ணி விட்டுடறாங்கன்னு எடுத்துட்டாங்க. இப்ப அதுவே முடிவு பண்ணும்." மிஷினின் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த இடத்தில்தான் மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். செல்போன் உறை விற்கும் கடையில் வேலை. ஆகவே மின்சாரத்தில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் அவன் வைத்தியன். "விடுங்க மச்சான், அதை நம்ம வழிக்குக் கொண்டுவந்துடலாம். அதுக்கு மூளை இருக்குன்னா ஏமாத்தவும் முடியும்" என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. அவன் செய்ததில்தான் எல்லாம்.

முதல் திட்டம், மூடியைத் திறந்து வாளியால் தண்ணீர் ஊற்றுவது. ஆனால் ஓட ஆரம்பித்ததும் மிஷின் மூடியைப் பூட்டிக்கொள்ளும், திறந்தால் நின்றுவிடும். பூட்டியிருக்கிறதா என்று அது ஒரு காந்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது என்று கண்டுபிடித்த தம்பி, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த பொம்மைக் காந்தத்தைப் பிடுங்கி அந்த இடத்தில் ஒட்டினான். மிஷின் ஏமாந்தது. மூடி திறந்திருக்க, உள்ளே துணி சுற்றியது. அக்காவும் தம்பியும் கைதட்டாத குறை. அண்ணன் ஒரு வாளி ஊற்றினார். இன்னொரு வாளி ஊற்றினார். மிஷின் சட்டென்று நின்று, தன் அனுமதியில்லாமல் உள்ளே வந்த தண்ணீர் முழுவதையும் வெளியே துப்பிவிட்டு, சிவப்பு விளக்கை எரித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தது. பக்கத்து வீட்டில் குழந்தை விழித்துக்கொண்டது.

"ரோஷக்காரியா இருக்கா" என்றார் அண்ணன்.

"அதை ஏன் பொம்பளையாக்கறீங்க? சொன்னதக் கேக்காம தானா முடிவு பண்ணுதில்ல, அது ஆம்பளதான்" என்றாள் அவள்.

இரண்டாவது திட்டம் எடை. துண்டு லேசாக இருக்கிறது என்றுதானே தண்ணீர் கஞ்சத்தனம்? கனமாக்கிவிட்டால்? தம்பி ஒரு செங்கல்லைப் பழைய போர்வையில் சுற்றி, தாலாட்டுப் பாடாத குறையாக உள்ளே படுக்கவைத்தான். மிஷின் சுற்றி எடைபோட்டது. தண்ணீர் வந்தது. இத்தனை நாள் வராத தண்ணீர், குபுகுபுவென்று வந்தது. மூவரும் தேநீர் போட்டுக் குடித்தார்கள். துணி பிழியும் கட்டம் வந்தது. செங்கல் ஒரு பக்கமாக ஒதுங்கியது. மிஷின் முதலில் தலையாட்டியது, பிறகு குதித்தது, பிறகு உறையோடு நடக்க ஆரம்பித்து, குளியலறையிலிருந்து கூடம்வரை வந்துவிட்டது. ஒயர் மட்டும் நீளமாக இருந்திருந்தால் கடைக்கே வந்து நியாயம் கேட்டிருக்கும். தம்பி நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டான். அவள்தான் ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தாள்.

தம்பி போன பிறகு அவள் பரண்மேலிருந்து பழைய பேசினை இறக்கினாள். இறக்கும்போதே இடதுகை மடங்கி, பேசின் தரையில் விழுந்து உருண்டது. அவள் அதைக் காலால் நிறுத்தினாள்.

"வெச்சுடு" என்றார் அண்ணன்.

"எத்தனை நாளைக்கு நீங்க ஊறவெச்ச விரலோட கத்தி பிடிப்பீங்க? இன்னிக்குக் காது, நாளைக்குத் தொண்டை."

"வேற ஆளப் போட்டுத் துவைக்கலாம்."

"துவைக்கற ஆள் துண்ட மட்டுமா துவைப்பாங்க? ஊர்ல எல்லார் வீட்டுத் துணியோடயும் சேத்துப் போடுவாங்க. நீங்க ஒத்துக்குவீங்களா?"

அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். அது இருவருக்கும் தெரியும். துண்டு விஷயத்தில் பிடிவாதம் பிடிப்பது தானென்றும், அதற்கு விலை கொடுப்பது அவளுடைய மணிக்கட்டு என்றும் அண்ணனுக்கு அன்றுதான் முழுசாக உறைத்தது. கடையை மூடிவிட்டால் என்ன என்றுகூட நினைத்தார். "நாளைக்கு ஒரு நாள் பொறு. நாளான்னிக்கு என்ன செய்யறதுன்னு பாக்கலாம்" என்றார். அதற்குமேல் அவரிடம் யோசனை எதுவும் இல்லை.

மறுநாள் அவருடைய கடைக்கு மேல்மாடியில் குடியிருப்பவர் மோட்டார் போட்டுவிட்டுத் தொலைக்காட்சியில் மூழ்கிவிட்டார். தொட்டி நிறைந்து, வழிந்து, சுவரோடு இறங்கி, பின்னால் கம்பியில் காய்ந்துகொண்டிருந்த அத்தனை துண்டுகள்மேலும் அருவியாகக் கொட்டியது. அண்ணன் பார்த்தபோது துண்டுகள் கம்பியில் தொங்கவில்லை, கம்பிதான் துண்டுகளில் தொங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம்வரை காத்திருந்தும் காயவில்லை. வேறு வழியில்லாமல், வாழ்க்கையில் முதல்முறையாக, சொட்டச் சொட்ட ஈரத்துணிப் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார். வழியெல்லாம் தண்ணீர்க் கோடு. கூனிக்குறுகிப் போனார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் பேசினை வாசலிலேயே தயாராக வைத்திருந்தாள். பையைத் தூக்கிப் பார்த்தாள், தூக்க முடியவில்லை. "இவ்வளவு ஈரத்த நான் எங்கேருந்து பிழியறது? முதல்ல மிஷின்ல போட்டு இதையாவது வடியவிடுவோம். அலசறதக் கையால அலசிக்கறேன்" என்று சொல்லி, இருவருமாகத் தூக்கி உள்ளே போட்டு மூடினார்கள். கைப்பழக்கத்தில், வடியவிடுகிற பட்டனுக்குப் பதில் வழக்கமாகத் தட்டுகிற பட்டனைத் தட்டிவிட்டாள்.

மிஷின் இரண்டு சுற்றுச் சுற்றியது. முனகியது. தண்ணீர் விழ ஆரம்பித்தது.

நிற்கவில்லை.

அண்ணன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் அப்படியே நின்றார். அவள் சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தாள். வழக்கமாக வாய் கொப்பளிக்கிற அளவுக்கு விட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிற மிஷின், ஆற்றில் இறங்கியதுபோல் குடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் சளப் சளப்பென்று நிஜமாகவே துவைத்தது. வடித்தது. அலசுவதற்கு மறுபடி வயிறு முட்டக் குடித்தது. பிழியும் கட்டம் வந்தபோது இருவரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். மிஷின் நின்ற இடத்திலேயே நின்று சுழன்றது. செங்கல் கடைசிவரை செங்கல்லாகவே இருந்தது, இந்தக் கனமோ தண்ணீர், வேலை முடிந்ததும் தானே வடிந்து போய்விட்டது.

அவள் ஒரு துண்டை எடுத்துப் பேசின் தண்ணீரில் போட்டு அலசினாள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. அலசிக்கொண்டே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன சிரிப்பு?"

"நீங்க தினமும் வேல மெனக்கெட்டுக் காயவெச்சு, மடிச்சு, பூ மாதிரி கொண்டுவந்து குடுத்தீங்க. அதுவும் பூ மாதிரியே எடைபோட்டிருக்கு. நான் என்னடான்னா மிஷினத் திட்டறேன், தம்பி செங்கல்லத் தாலாட்டறான். அழுக்குத் துணிய யாருங்க காயவெச்சுத் துவைக்கறது?"

அண்ணன் பாதியில் நின்றிருந்த சட்டையை முழுசாகக் கழற்றினார். தன் சுத்தமே தன் கடைக்கு வைத்த வேட்டு என்பதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் மனசு லேசாகிவிட்டது, பிழிந்து உதறிய துண்டுபோல.

சோதித்துப் பார்க்கவேண்டும். தன் கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு வெயிலில் நடந்தார், ஒன்றும் ஆகவில்லை. "உங்க தோல் எருமத் தோல், அது சாட்சி சொல்லாது. நல்ல மெல்லிசான கழுத்தாப் பாருங்க" என்றாள். மெல்லிசான கழுத்து ஊரில் ஒன்றுதான். அண்ணன் கணக்கு வாத்தியார் வீட்டுக்கே போனார். கதவைத் திறந்த வாத்தியார் குற்றம் செய்தவர்போல் விழித்தார். கண்ணாடிக்கதவுக் கடையில் அவர் தலையில் ஏதோ நாகரிகம் நடத்தியிருந்தார்கள். இரண்டு காதுகளுக்கு மேலேயும் இரண்டு வெவ்வேறு கருத்துகள் இருந்தன.

"சார், தப்பு என் துண்டுல இருந்துச்சு. சரி பண்ணிட்டேன். ஒரே ஒரு தடவ வாங்க. எரிஞ்சா அப்புறம் நானே உங்கள எதிர்க்கடையில கொண்டுபோய் விடறேன்."

வாத்தியார் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணன் துண்டைப் போட்டபோது தோள்களைக் குறுக்கிக்கொண்டார். இரண்டு காதுகளையும் சமரசம் செய்துவைக்கவே வெகுநேரம் ஆனது. ஃபேன் காற்று போதாமல் பின்கழுத்து வேர்த்தது. துண்டு நனைந்தது. அண்ணன் கத்தரியை நகர்த்திக்கொண்டே கண்ணாடியில் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை மடியிலேயே கிடந்தது. கொஞ்சநேரத்தில் வாத்தியாருடைய தலை மெதுவாக முன்னால் சாய்ந்தது. தூங்கிவிட்டார். அடுத்து வந்தவரிடம் அண்ணன் உதட்டில் விரலை வைத்துக் காட்டி, செய்தித்தாள் நாற்காலியைக் காலிசெய்து உட்காரவைத்தார்.

ஒருநாள் விட்டு மறுநாள், பள்ளிக்கூடம் விட்டதும் வாத்தியாரே கடை வாசலில் வந்து நின்றார். "ஒண்ணுமில்லண்ணே. சொல்லிட்டுப் போலாம்னுதான்" என்று பின்கழுத்தைத் திருப்பிக் காட்டிவிட்டுப் போனார். அதில் சாக்பீஸ் இல்லை. பையன்கள் பாவம், நாளெல்லாம் காத்திருந்து ஏமாந்திருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் அண்ணன் துண்டுகளை வாளித் தண்ணீரில் முக்கி, சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் நடந்துபோனார். வீட்டு வாசலில் அவள் நின்றிருந்தாள்.

"என்னவாம்?"

"சொறியல."

"நிஜமாவா? கிட்டப் போய்ப் பாத்தீங்களா?"

"பாத்தேன். குழந்த கழுத்து மாதிரி இருக்கு."

அவள் பையின் ஒரு காதைப் பிடித்தாள், அவர் இன்னொரு காதைப் பிடித்தார். கொண்டுபோய் மிஷினுக்குள் கவிழ்த்து, மூடி, பட்டனைத் தட்டினாள். அது இரண்டு சுற்றுச் சுற்றி, இது பெரிய குடும்பம்தான் என்று தப்பாக முடிவுசெய்து, தண்ணீரைத் திறந்துவிட்டது. செய்வதற்கு வேறு வேலை இல்லாததால் அவள் கூடத்தில் வந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டாள். கொஞ்சநேரம் அவற்றையே பார்த்தாள்.

"டீ போடட்டுமா?" என்றார் அண்ணன்.

"போடுங்க" என்றாள். "சக்கரை தூக்கலா."